ஒருவர் படுக்கும் அகலம்

கட்டில் பலகைகள் பத்து சென்டிமீட்டர் குறைவாக வெட்டப்பட்டிருந்தன. வேனுக்குள் வைத்தபோது அவை சுவருக்குச் சுவர் நூல் பிசகாமல் பொருந்தின. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது என்பது மில்லிக்கு உறைக்க ஒரு நாள் ஆயிற்று.

மில்லி என்பது தொழில் அவளுக்கு வைத்த பெயர். இருபத்தாறு வருடமாக மரவேலை செய்கிறவள். அலமாரிக் கதவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கூடினாலும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிவிடுவாள். வாடிக்கையாளர்கள் முதுகுக்குப் பின்னால் கேலியாகச் சொன்ன பெயர், நாளடைவில் பட்டறை வாசலில் பெயின்ட்டால் எழுதப்படும் அளவுக்கு நிலைத்துவிட்டது. கணவரும் அப்படித்தான் கூப்பிட்டார். தம்பிக்கு அவள் மில்லிக்கா.

வேன் கணவர் வாங்கியது. அவளைக் கேட்காமல் வாங்கியது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் பழைய வண்டி. மலை உச்சியிலிருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்குக் கருவிகள் ஏற்றிப் போய் இருபத்தேழு வருடம் உழைத்தது. தரையிலிருந்து இடுப்பளவு உயரம். கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கைப்பிடி. அதைப் பின்னால் இழுத்தால் வண்டி நத்தையாகி, எருமை ஏற மறுக்கும் மேட்டிலும் ஏறும். தகரத்தில் அங்கங்கே துரு. உள்ளே கிரீஸ் நாற்றம். அவ்வளவுதான் வண்டி.

கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஐந்து மாதத்துக்கு முன் நெஞ்சைத் திறந்து ஓர் ஆபரேஷன் நடந்தது. இன்னொன்று பாக்கி இருந்தது, முதலாவதைவிடக் கடினமானது. இடையில் ஆறு வாரம் உடம்பு தேறியிருக்கும், பயணம் போகலாம், ஆனால் தனியாக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"முப்பத்தோரு வருஷம் மத்தவங்க இறங்க வேண்டிய இடத்துக்கு ஓட்டினேன். ஒரு தடவையாவது நமக்கு இறங்கணும்னு தோணுற இடத்துல நிறுத்தணும், மில்லி" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னார். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். ஏதோ ஒரு பெயர் தெரியாத சாலையோரத்தில் அவருக்கு ஒன்று ஆகி, அந்த வேனைத் தான் மட்டும் தனியாக வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வர நேரும் என்பது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததையெல்லாம் வேலையில் போட்டு அழுத்தினாள். சுவரைப் பிரித்துப் பஞ்சு அடைத்து, மேலே மெல்லிய பலகை பதித்தாள். கூரையில் காற்றுப்போக்கி, இரண்டாவது பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, இழுத்தால் வெளியே வரும் அடுப்பு. எல்லாம் அளவு, அளவு, அளவு. அளந்துவிட்ட பொருள் கைவிட்டுப் போகாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அவளுடைய டேப்பில் முனைத் தகடு எப்போதோ தளர்ந்துவிட்டது. புதிது வாங்க மனம் வராமல், பூஜ்யத்தை விட்டுவிட்டு பத்து சென்டிமீட்டர் கோட்டில் பிடித்து அளப்பாள். வரும் எண்ணில் பத்தைக் கழிப்பாள். பதினைந்து வருடப் பழக்கம். யாராவது மறுமுனையைப் பிடித்தால் டேப்பில் இருக்கிறபடியே எண்ணைச் சொல்ல வேண்டும், கழிப்பது அவள் வேலை. இது பட்டறைச் சட்டம். கட்டிலுக்கு அளந்த அன்று மறுமுனையில் நின்றவன் வெல்டரான அவள் தம்பி. டேப்பில் நூற்று எழுபத்தெட்டு இருந்தது. அக்காவுக்கு உதவி செய்வதாக நினைத்து அவனே பத்தைக் கழித்து "நூத்தி அறுபத்தெட்டு" என்று கத்தினான். அவள் அதிலும் பத்தைக் கழித்து, நூற்று ஐம்பத்தெட்டில் பதினொரு பலகைகளை அறுத்துத் தள்ளினாள்.

மறுநாள் மிச்சத் துண்டுகளில் தட்டு செய்யலாம் என்று எடுத்தபோதுதான் தெரிந்தது. எழுபத்தாறு இருக்க வேண்டிய துண்டு ஒவ்வொன்றும் எண்பத்தாறு இருந்தது.

"நீ என்ன நம்பர்டா சொன்னே அன்னிக்கு?"

"கழிச்சுட்டுதான்கா சொன்னேன். ஏன், நீயும் கழிச்சியா?" தம்பி முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தான். "போச்சுடா. மில்லிக்கா சென்டிமீட்டர்ல கோட்டை விட்டுட்டா. போர்டை மாத்தி எழுதணும்."

"சிரிக்காத. பலகை டைட்டா உக்காந்திருக்கு."

"அதெப்படி உக்காரும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

இருவரும் போய்ப் பார்த்தார்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே தபால் அட்டைகூட நுழையவில்லை. அளந்தார்கள். நூற்று ஐம்பத்தெட்டு. அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். சுவர்ப் பலகை பதித்த அன்றும், தண்ணீர்த் தொட்டி வைத்த அன்றும், அடுப்பைப் பொருத்திய அன்றும், மூன்று தேதியில் மூன்று முறை எழுதியிருந்த கணக்கு நூற்று அறுபத்தெட்டு. வெளியே வந்து வண்டியின் உடம்பை அளந்தார்கள். அது தன் பிறவி அகலத்தில் அப்படியே நின்றது.

"வண்டி டயட்ல இருக்குக்கா" என்றான் தம்பி. "மாமா ஆபரேஷனுக்கு அப்புறம் பாதி ஆளாயிட்டாரில்ல. வண்டிக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் பலகைகள் நடுவில் மேல்நோக்கி வளைந்து நின்றன, இரண்டு கைகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்த சீட்டுக்கட்டு மாதிரி. மரம் ஈரம் குடித்து ஊதும்தான். ஆனால் ஒரு வாரத்தில் பதினேழு சென்டிமீட்டர் ஊத, அதை ஆற்றில்தான் ஊறப்போட வேண்டும். அவள் நூற்று நாற்பத்தொன்றுக்கு அறுத்தாள். நான்கு நாள் கழித்து நூற்றுப் பதினெட்டுக்கு. ரம்பத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தாள். காலையில் சரியாக இருந்த அட்டை மாலையில் மடங்கியது. வண்டியில் வேறெங்கும் ஒரு குறையும் இல்லை. அடுப்புப் பெட்டி வழுக்கிக்கொண்டு போயிற்று, வந்தது. தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. படுக்கை மட்டும்தான்.

சுவரில் பக்கவாட்டு விளக்குக்கு வயர் போக ஒரு துளை விட்டிருந்தாள். உள்ளிருந்து கம்பியை விட்டால் விரற்கடை நீளத்துக்குள் வெளித் தகரத்தில் முனை தெரியும். தம்பியை வெளியே நிற்க வைத்துவிட்டுக் கம்பியை நுழைத்தாள்.

"வந்துச்சா?"

"இல்லைக்கா."

இன்னும் தள்ளினாள். கம்பி எதிலும் முட்டவில்லை, வளையவும் இல்லை. பஞ்சின் சரசரப்பு முதல் இரண்டு விரல் தூரத்துக்கு இருந்தது. அப்புறம் எதுவும் இல்லாத இடத்தில் போவதுபோல லேசாகப் போயிற்று.

"இப்போ?"

"இல்லை. நீ தள்றியா, தூங்குறியா?"

கம்பி முழங்கை அளவு உள்ளே போய்விட்டது. திடீரென்று ஏதோ மெத்தென்ற ஒன்றைத் தொட்டு நின்றது. அவள் கையை எடுக்கவில்லை. அந்த மெத்தென்ற ஒன்று மெல்லத் தணிந்தது, மெல்ல எழுந்தது. பிறகு விலகிக்கொண்டது. கம்பி சரேலென்று முன்னால் போயிற்று.

"ஆங், வந்துருச்சு" என்றான் தம்பி வெளியிலிருந்து. அவன் முனையைப் பிடித்தது அவள் கைக்குத் தெரிந்தது. "அக்கா, இதை எங்கேயாவது காய்ச்சினியா?"

"ஏன்?"

"முனை வெதுவெதுன்னு இருக்கு. சூடு இல்லை. இது..." அவன் சொல்லைத் தேடினான். "தூங்கி எந்திரிச்ச தலகாணி மாதிரி இருக்கு."

அவன் அன்றைக்கு வெல்டிங் கம்பிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டான். கூரைச் சட்டத்தில் இரண்டு இடத்தில் வெல்டிங் பற்று வைக்க வேண்டியிருந்தது. வண்டியை வெளியே இழுத்து நிறுத்தினால் ஏணி போட்டு மேலேறி வைத்துத் தருகிறேன், உள்ளே வர மாட்டேன் என்றான். "கேலி பண்றேன்னு நினைக்காத. வித்துருக்கா. வித்துட்டு ரெண்டு பேரும் பஸ்ல போங்க. மாமாவுக்கு டிரைவரைத் திட்டிக்கிட்டே போறதுக்காவது ஒரு வேலை இருக்கும்." சிரிப்பு வராத முகத்தோடு இதைச் சொன்னான்.

விற்க அவளால் முடியாது. ஆறு வாரத்தில் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. வீட்டில் கணவர் வரைபடத்தை மேசையில் விரித்து, மாத்திரை டப்பாக்களை மூலைக்கு ஒன்றாக வைத்து, கிளிப்பிள்ளை மாதிரி ஊர்களின் பெயரை ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

படுக்கையின் அகலம் எண்பத்து நான்கில் வந்து நின்றது. மூன்று நாள் காலையிலும் மாலையிலும் அளந்தாள், அசையவில்லை. எண்பத்து நான்கு என்பது ஒருவர் படுக்கும் அகலம். ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் பதினொரு நாள் படுத்தவளுக்கு அந்த அகலம் விரல் நுனியில் இருந்தது.

ஒருவர்தான் என்று வண்டி சொல்லிவிட்டது. போகிறபோது இரண்டு பேர், திரும்புகிறபோது ஒருவர். இவ்வளவு நாள் அவள் அழுத்தி வைத்திருந்ததை வண்டி எப்படியோ மோப்பம் பிடித்து, கச்சிதமாக அறுத்துக் காட்டிவிட்டது.

அப்புறம்தான், எந்தச் சுவர் நகர்ந்தது என்று தான் பார்க்கவே இல்லை என்பது அவளுக்குத் தோன்றியது. அகலத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்தாள்.

பின்கதவின் பூட்டுத்தான் வண்டியின் மையம். அதிலிருந்து முன்னிருக்கை வரை கயிறு பிடித்துத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். ஓட்டுநர் பக்கம் அவருடையது. வீட்டிலும் அவர் அந்தப் பக்கம்தான் படுப்பார். கோட்டிலிருந்து அந்தப் பக்கத்துச் சுவருக்கு அளந்தாள். எண்பத்து நான்கு. ஒரு மில்லி குறையவில்லை.

மறுபக்கத்துக்கு அளக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சுவர் கோட்டின் மேலேயே நின்றது.

போயிருந்தது அவள் இடம்.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அப்பாடா என்று இருந்தது. ஐந்து மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை யாரோ இறக்கியது மாதிரி. அவர் இருக்கிறார். அவர் இடத்தில் ஒரு குறையும் இல்லை. தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்போது முதுகுக்குப் பின்னால் பலகை மெல்லத் தணிந்து, மெல்ல எழுந்தது. அவள் எழுந்து வெளியே வந்து, வெயிலில் நின்று, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கணவர் அன்று சாயங்காலமே பட்டறைக்கு வந்துவிட்டார். தம்பி போன் செய்திருந்தான்.

"உன் தம்பி ஏதோ உளர்றான். வண்டி மெலிஞ்சுபோச்சாம்." நடந்து வந்த மூச்சு வாங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் படியில் கால் வைத்து உள்ளே ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றார். எண்பத்து நான்கு சென்டிமீட்டர் கட்டிலை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எங்கே படுப்பே?"

"நான் முன் சீட்டுல படுத்துக்குறேன். குறட்டை கேக்காம நிம்மதியா."

"மில்லி." இறங்க மறுக்கும் பயணியிடமும் மரியாதையாகப் பேசும் அதே குரல். "எந்தப் பக்கம் குறைஞ்சிருக்கு?"

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் சாலையின் நடுக்கோட்டைப் பார்த்தே பிழைத்த மனிதருக்குச் சுண்ணக்கட்டிக் கோடு என்ன சொல்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் அந்தப் பக்கம் படுத்துக்குறேன். நீ இங்கே படு."

"அந்தப் பக்கம்னு ஒண்ணு இல்லைங்க."

"அப்போ போக வேண்டாம். சாவியைக் கொண்டா. ரோட்டுல நிறுத்திட்டு வந்துடுறேன், எவன் வேணா எடுத்துக்கட்டும்."

அவர் சொன்னபோது கை தானாக நெஞ்சைத் தடவியது. போகாவிட்டால் மீதி ஐந்து வாரம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவர் வரைபடத்தை மடித்து வைப்பார். சோபாவில் உட்கார்ந்து இரண்டாவது ஆபரேஷனுக்குக் காத்திருப்பார். அதிலிருந்து எழுந்து வருகிறவர்கள் எத்தனை பேர் என்று டாக்டர் சொன்ன எண் அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த எண்ணை மட்டும் அவள் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

"இங்கே இருந்தா மட்டும் என்னங்க?" என்றாள். "வேன்ல இடம் இல்லைன்னா வீட்டுல இடம் இருக்குமா? எனக்குன்னு ஒண்ணு வரணும்னா அது சோபாவுல உக்காந்திருந்தாலும் வரும். நான் போகணும். நீங்க ஆசைப்பட்டதுக்காக இல்லை. எனக்கே இப்போ போகணும்."

வெளியே பக்கத்து இரும்புக் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டார்.

"நைட் சர்வீஸ்ல" என்று அவர் மெல்ல ஆரம்பித்தார், "ரெண்டு டிரைவர் போவோம். படுக்கை ஒண்ணுதான். பின்னாடி, டிக்கிக்கு மேலே, சவப்பெட்டி சைஸுல. ஒருத்தன் ஓட்டினா ஒருத்தன் படுப்பான். முப்பத்தோரு வருஷத்துல ஒரே நேரத்துல ரெண்டு பேரும் படுத்ததே இல்லை. அப்படிப் போலாமா? ஒருத்தர் கண்ணு எப்பவும் முழிச்சிருக்கும். ரெண்டு பேரும் படுத்தாத்தானே இடம் பத்தலைங்குற பேச்சு?"

"வண்டி நின்ன பிறகு?"

"நின்னாலும் அப்படித்தான். டூட்டி டூட்டிதான்."

அவள் பலகையைத் தட்டிப் பார்த்தாள். உறுதியாக இருந்தது. "சவப்பெட்டின்னு சொல்லாதீங்க. பெர்த்னு சொல்லுங்க" என்றாள்.

தம்பி அரைமனதோடு வந்தான். படுத்திருப்பவர் உருண்டு விழாமல் இருக்க இடுப்புப் பட்டைக்கு இரண்டு கொக்கி வேண்டும். இரண்டையும் ஓட்டுநர் பக்கத்துத் தரையில், வாசலில் நின்றபடியே கையை மட்டும் உள்ளே நீட்டி அடித்துக் கொடுத்தான். புறப்படுகிறபோது அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு தேவைக்கு அதிக நேரம் நின்றான். "போன் பண்ணு. தினமும். நீ பண்ணு, மாமா இல்லை."

முறை நன்றாகத்தான் ஓடியது. காலையில் அவர் ஓட்டினார், அவள் படுத்தாள். மதியத்துக்கு மேல் அவள். அவர் ஓட்டும்போது அவள் தூங்கவில்லை; சுவருக்கு முதுகு காட்டாமல் ஒருக்களித்து, சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். சுவர் அசையவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவர் ஒரு வெற்று மேட்டின் மேல் குட்டைக் கைப்பிடியைப் போட்டு ஏற்றி, உச்சியில் நிறுத்தி, "இதான் மில்லி, இறங்கு" என்றார். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. காற்றும் புல்லும்தான். அவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். ஐந்து மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் டேப்பைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டாள்.

அன்று மதியமும் வழக்கம்போல முறை மாறிற்று. வெயில் சாலையில் நேராக விழுந்தது. இரண்டு பக்கமும் தட்டையான பொட்டல். வேன் சீராக உறுமிக்கொண்டு போனது. அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பட்டையைக் கட்டிக்கொண்டு, பத்து நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். அந்தக் குறட்டையை எண்ணிக்கொண்டே ஓட்டுவது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. குறட்டை இருந்தால் மூச்சு இருக்கிறது.

குறட்டை நின்றது. அவள் கால் பிரேக்கைத் தேடியது.

"மில்லி" என்றார். தூக்கத்தில் நனைந்த குரல், எரிச்சலும் செல்லமுமாக. வீட்டில் எத்தனையோ வருடமாகக் கேட்ட குரல்.

"என்னங்க?"

"கொஞ்சம் தள்ளிப் படேன். முழங்கை குத்துது."

ஸ்டியரிங்கின் மேல் அவளுடைய இரண்டு கைகளும் இருந்தன. அவற்றைப் பார்த்தாள். நடுக் கண்ணாடியைப் பார்க்க அரை விரல் கண்ணை உயர்த்தினால் போதும். உயர்த்தவில்லை. பின்னால் போர்வை சரசரத்தது. அவருடைய மூச்சுக்கு நடுவே, அதற்கு இடம்விட்டு, இன்னொரு மூச்சு போய்வந்தது. மெதுவான மூச்சு. பழகிய மூச்சு. ராத்திரிகளில் தலையணையில் முகத்தை அழுத்தும்போது தன் காதுக்கே கேட்குமே, அந்த மூச்சு.

இப்போது வண்டியை நிறுத்தினால் அவர் விழித்துக்கொள்வார். கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பார். அந்த நெஞ்சு அதைத் தாங்காது.

"சரிங்க" என்றாள், சாலையைப் பார்த்தபடி. "தள்ளிப் படுத்துக்குறேன். நீங்க தூங்குங்க."

"ம்" என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் குறட்டை திரும்ப ஆரம்பித்தது.